டாக்டர் ஜான்ஸனும் நெடுநீர்மையும்

ஒரு செயலைச் செய்யத் தெரியாமையால் ஒருவன் அடையும் கேட்டினும், செய்யத் தெரிந்திருந்தும் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று நாளைக் கடத்துவதால் அடையும் கேடு பெரிது. இக்குற்றத்தை நம் முன்னோர் நெடுநீர்மை என்றனர். திருவள்ளுவரும் மடியின்மை என்னும் அதிகாரத்தில் மறதி, சோம்பல், உறக்கம் என்பவற்றோடு இதனையும் சேர்த்து எண்ணியுள்ளார். பி.ஏ. வகுப்பு முடியும் தறுவாயில், எம்.ஏ. வகுப்பிற் சேர்வதற்குரிய பிரவேசப் பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் மாணவர் பலர் இந்நோயை நன்கறிவர். இன்னும் ஆறு மாதம் உளவே என்று முதல் மாதம் கழியும். புத்தகங்களெல்லாம் வந்து சேரட்டும் என்று இரண்டாம் மாதம் கழியும். மனம் ஒருமைப்படட்டும் என்று மூன்றாம் மாதமும் கழியும். இத்தகையோர் ஆங்கில அகராதியின் ஆசிரியராகிய டாக்டர் சாமுவேல் ஜான்ஸனது வரலாற்றை அறிதல் நலம். அப்பெரியார் இந்நோயோடு வாழ்நாள் முழுதும் போராடினார், பலமுறை தோற்றார், ஆயினும் சில பெரிய வேளைகளில் வென்றார். அவர் எங்கே தோற்றார், எதனால் வென்றார் என்பதே நாம் கருதத்தக்கது.

ஜான்ஸன் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆங்கில நாட்டு லிச்பீல்டு நகரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்ஸன் புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் பற்றியதால் முகத்தில் வடுவும் பார்வையிற் குறைவும் உண்டாயின. நினைவாற்றலோ வியக்கத்தக்கதாயிருந்தது. தந்தையின் கடையிலிருந்த நூல்களை ஓர் ஒழுங்கின்றி, கண்டவற்றையெல்லாம் படித்துத் தீர்த்தார்.

1728-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே நவம்பர் 5-ஆம் நாளைக் கொண்டாடுங்கால் மாணவர் யாவரும் அந்நாளைப் பற்றிச் செய்யுள் இயற்றித் தருதல் வழக்கம். ஜான்ஸன் அதனைச் செய்யாது விட்டுவிட்டார். பின்னர்க் கலைமகள் கனவில் வந்து, அரசியற் பொருள் உனக்கேலாது என்று தடுத்ததாகச் சிறு செய்யுளொன்றெழுதித் தம் பிழைக்குச் சமாதானம் கூறினார். அதே மாணவர், போப் என்னும் கவிஞரின் பாடலொன்றை இலத்தீனில் மொழிபெயர்க்குமாறு ஆசிரியர் பணித்தபோது, அதனை மிக விரைவாக முடித்து யாவரும் மெச்சப் பெற்றார். திறமைக் குறைவு காலந்தாழ்த்தலுக்குக் காரணமன்று என்பதற்கு இவ்விரண்டு நிகழ்ச்சிகளுமே சான்று.

வறுமை அவரை அங்கே நிலைக்கவிடவில்லை. ஏறக்குறைய பதின்மூன்று மாதத்தில், பட்டம் பெறாமலே 1729-ஆம் ஆண்டு டிசம்பரிற் கல்லூரியை விட்டகன்றார். அதன்பின் கொடிய மனச்சோர்வு அவரைப் பற்றியது. அது வாழ்நாள் முழுதும் அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை. ஆதலின் அவரது மடியை வெறும் சோம்பலென்று இகழ்தல் நியாயமாகாது.

சில ஆண்டுகளுக்குப் பின் பர்மிங்காம் நகரில், அபிசீனிய நாட்டு யாத்திரையைப் பற்றிய நூலொன்றை மொழிபெயர்க்க அவர் ஒப்புக்கொண்டார். சிறிதளவு எழுதிக் கொடுத்தபின் வேலை நின்றுபோயிற்று. பள்ளித் தோழரும் மருத்துவருமாகிய எட்மண்டு ஹெக்டர் அவரிடம் வந்து, இந்நூல் முடியுமட்டும் அச்சுத் தொழிலாளி வேறு வேலை ஏற்க இயலாமையையும், அவனும் அவன் குடும்பமும் துன்புறுவதையும் எடுத்துரைத்தார். அதுகேட்ட ஜான்ஸன் படுக்கையிலிருந்து எழவில்லை; ஆனால் நூலைத் தம்முன் விரித்து வைத்துக்கொண்டு, படுத்தபடியே மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினார். ஹெக்டர் அருகிருந்தெழுதினார், எழுதிய தாள்களை அச்சகத்துக்குக் கொண்டு சேர்த்தவரும் அவரே. இவ்வாறு 1735-ஆம் ஆண்டில் அவரது முதல் நூல் வெளிவந்தது. பிறன் ஒருவன் காத்திருக்கிறான் என்னும் எண்ணம், ஆயிரம் அறவுரைகள் செய்யாததைச் செய்து முடித்தது.

1737-ஆம் ஆண்டில், பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற நடிகராகிய டேவிட் காரிக் என்னும் தம் மாணவருடன் ஜான்ஸன் லண்டன் நகரை அடைந்தார். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1746-ஆம் ஆண்டில் புத்தக வியாபாரிகள் சிலர் ஆங்கில மொழிக்கு ஓர் அகராதி செய்து தருமாறு அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஊதியம் 1,575 பவுன். மூன்றாண்டில் முடிப்பதாக அவர் எண்ணினார். வேலையோ ஒன்பதாண்டு நீண்டது. தொடக்கத்தில் மேற்கொண்ட முறை பயன்படாமையால், அதனை விடுத்து மறுமுறை தொடங்கவும் நேர்ந்தது.

இத்தகைய பெருவேலையை நெடுநீர்மையுடைய ஒருவர் எங்ஙனம் முடித்தார்? காப் சதுக்கத்திலுள்ள தம் வீட்டின் மேன்மாடத்தை எழுத்தகமாக்கினார். எழுத்தர் அறுவரை அமர்த்தினார். தாம் நூல்களைப் படித்து, வேண்டும் சொற்களைப் பென்சிலாற் கோடிட்டு, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்திற் குறித்து வைப்பார். எழுத்தர் அவ்வாக்கியங்களைத் தனித்தனித் தாள்களில் எழுதி அகரவரிசைப்படுத்துவர். மலைபோன்ற வேலை இவ்வாறு ஒரு நாளைக்குரிய சிறுசிறு பங்குகளாகப் பிரிந்தது. அவர் சோர்ந்திருந்தாலும் எழுத்தர் அறுவர் காத்திருந்தமையால் கோடிட்ட நூல் அவர்பாற் சென்றே தீரவேண்டும். இடையே 1752-ஆம் ஆண்டில் அவர்தம் மனைவியார் இறந்தார். அத்துயரிலும் பணி முற்றும் அற்றுப்போகவில்லை. 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு அகராதி இரண்டு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அவருக்கு எம்.ஏ. பட்டமளித்தது. கல்லூரியை விட்டு இருபத்தைந்து ஆண்டுக்கு மேலான பின்னரே அப்பட்டம் அவருக்குக் கிட்டியது.

அகராதி வேலை நடந்துகொண்டிருந்த அந்நாளிலேயே, 1750-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் இரண்டாண்டுகள், ராம்ப்ளர் என்னும் பத்திரிகையைச் செவ்வாயும் சனியும் தவறாது வெளியிட்டார். 208 இதழ்களுள் மிகச் சிலவே பிறர் எழுதியவை. 1751-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இதழொன்றில் காலந்தாழ்த்தலையே பொருளாகக் கொண்டு எழுதினார். எப்பொருளைப் பற்றி எழுதுவதென்று துணியாது அவர் நாளைப் போக்கிக்கொண்டிருக்க, அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தமையே அக்கட்டுரை பிறந்த வரலாறு என்று அதிலேயே ஒளியாது கூறியுள்ளார். மனவெழுச்சி வருமட்டும் காத்திராமல் பிடிவாதமாக உட்கார்ந்தால் எந்நேரத்திலும் எழுதலாம் என்பது அவர் பிற்காலத்திற் கூறிய அனுபவ மொழியின் கருத்து.

காத்திருப்பார் இல்லாத வேலையில் அவர் எவ்வாறிருந்தார் என்பதையும் காண்போம். 1756-ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிப்பதாக அறிவித்து, அடுத்த ஆண்டிலேயே முடிப்பதாக வாக்களித்துக் கையொப்பக்காரரிடம் முன்பணமும் பெற்றார். ஆண்டுகள் பல கழிந்தன. சர்ச்சில் என்னும் கவிஞர் இதனை எள்ளி நகையாடிப் பாடினார். இறுதியில் நண்பர் சிலர் குறித்த காலத்தில் முடிக்குமாறு ஒரு பந்தயத்தில் அவரைச் சிக்கவைத்தனர் என்று அவர் வரலாற்றை எழுதிய ஹாக்கின்ஸ் கூறுகின்றார். 1765-ஆம் ஆண்டில் அந்நூல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது.

நூல்கள் தாழ்த்தும் வந்தன. தாழ்த்தினாற் பெறவே இயலாதன சில உலகில் உள. ஜான்ஸனின் தாயார் லிச்பீல்டிலேயே வாழ்ந்து வந்தார். மகனார் அன்புள்ளவரே, கடிதமும் பொருளும் அனுப்பி வந்தார், ஆயினும் ஏறக்குறைய இருபதாண்டுகளாக நேரிற் சென்று காணவில்லை. 1759-ஆம் ஆண்டு ஜனவரியில், ஏறக்குறைய தொண்ணூறு வயதினரான தாய் நோயுற்றதறிந்து, உருக்கமான கடிதங்கள் எழுதி, விரைவில் வருவதாகவும் தெரிவித்தார். அவர் புறப்படுமுன்னரே தாய் மறைந்தார். ஈமச் செலவுக்கும் தாய் வைத்துப்போன சிறு கடன்களுக்கும் பொருள் வேண்டி, ஒரே வாரத்து மாலைப்பொழுதுகளில் ராஸலஸ் என்னும் கதையை எழுதி முடித்தார். ஒரு வாரத்தில் ஒரு நூலியற்றும் ஆற்றல் படைத்தவர்க்கு, இருபதாண்டுகளில் தாயைக் காணும் நாள் ஒன்று வாய்க்காமற் போயிற்று.

அவர்தம் நாட்குறிப்பைப் படிப்போர் நெஞ்சம் உருகும். ஈஸ்டர்ப் பண்டிகைதோறும், பிறந்தநாள்தோறும் அதிகாலையில் எழுவதாகவும் காலத்தை வீணாக்காதிருப்பதாகவும் கடவுளை வேண்டித் தீர்மானித்தார். 1764-ஆம் ஆண்டில் ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, நினைவு தெரிந்த நாள்முதல் தீர்மானித்துக்கொண்டே வந்ததாகவும், செய்தது ஒன்றுமில்லை என்றும் எழுதி வருந்தினார். அகராதியையும் ராம்ப்ளரையும் உலகுக்குத் தந்தவர் இவ்வாறு எழுதினார்! தனியே செய்த தீர்மானம் அவரை எழுப்பவில்லை. குறித்த நாளும், சிறு பங்கும், காத்திருக்கும் மற்றொருவருமே எழுப்பினர்.

பிரவேசப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்கு வாயிலில் அச்சகத்துச் சிறுவன் வந்து நிற்பதில்லை. அக்குறையைத் தாமே நிரப்பிக்கொள்ளல் வேண்டும். பாடத்திட்டம் முழுவதையும் ஒருங்கே நோக்கி அஞ்சாமல், இன்றைக்குரிய பக்கங்களை மட்டும் குறித்துக்கொள்க. செவ்வாயும் சனியும் என்பதுபோல் நாள் குறித்து, எழுதிய விடைகளை ஆசிரியரிடமோ உடன் படிக்கும் நண்பரிடமோ காட்டுவதாக வாக்களித்துவிடுக. மனம் வந்தபின் அமர்வோம் என்னாது, அமர்ந்தபின் மனம் வரும் என்று தொடங்குக. ஒரு நாள் தவறினால் அதற்கு இரங்கி மற்றொரு நாளையும் இழவாதிருக்க.

ஜான்ஸன் 1784-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார். அதற்கு மூன்றாண்டுக்கு முன்னரே, எழுபது வயது கடந்த நிலையில், ஐம்பத்திரு கவிஞர்களின் வரலாற்றை எழுதி முடித்திருந்தார். அவர் சிலகாலம் வைத்திருந்த கடிகாரத்தின் முகத்தில், இரவு நெருங்குவதை நினைவூட்டும் யோவான் சுவிசேஷச் சொற்கள் கிரேக்க மொழியிற் பொறிக்கப்பட்டிருந்தன. பிறர் காணின் பகட்டென எண்ணுவர் என்று பின்னர் அம்முகத்தை நீக்கிவிட்டார். அச்சொற்கள் நம் கடிகாரங்களிற் பொறிக்கப்படவில்லை. எனினும் அவற்றின் முள்ளும் நில்லாமற் சுழல்கின்றது.