இரண்டு மணித்தியாலத் தூக்கமும் மற்றவர்களின் கடிகாரமும்

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இரவுப் பணியில் இருந்த காலத்தில், நான் என் தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு பன்னிரண்டு. நாளொன்றுக்கு மொத்தம் இரண்டு மணித்தியாலம். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். ஏன் என்று கேட்க ஆளில்லை. மிச்சமாகும் நேரத்தில் வாசிக்கலாம், எழுதலாம், பாதியில் கிடந்த ஒரு மொழிபெயர்ப்பை முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பதினொரு நாட்கள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நாள் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

இந்த யோசனை என்னுடையதல்ல. பக்மின்ஸ்டர் புல்லர் என்ற அமெரிக்கரிடமிருந்து எடுத்தது. முக்கோணங்களைக் கோர்த்துக் கட்டும் கோளவடிவக் கூடாரங்களை உலகெங்கும் பரப்பியவர் அவர். மொன்றியல் நகரில் 1967ஆம் ஆண்டு நடந்த உலகக் கண்காட்சிக்காக அவர் வடிவமைத்த, 76 மீற்றர் விட்டமுள்ள பெரிய கோளத்தைப் படத்திலாவது பலர் பார்த்திருப்பார்கள். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின் கண்டுபிடிக்கப்பட்ட, பந்து போன்ற காபன் மூலக்கூறுக்கும் அவரது பெயரையே வைத்தார்கள். என்னைப் பிடித்திழுத்தது இவையல்ல, அவரது தூக்கம்.

புல்லர் 1895ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தின் மில்டன் நகரில் பிறந்தார். ஹாவர்ட் பல்கலைக்கழகம் அவரை இரண்டு தடவைகள் வெளியேற்றியது. முதல் தடவை, படிப்புக்கான பணத்தை நியூயோர்க்கில் ஒரு நடனக் குழுவினருக்கு விருந்து வைத்தே தீர்த்திருந்தார். முதலாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். 1917இல் ஆன் ஹியூலெட் என்பவரைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு மூத்த மகள் அலெக்சாண்ட்ரா பிறந்தாள்.

அந்தப் பிள்ளை நோயாளியாகவே வளர்ந்தாள். 1922ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நான்காவது பிறந்தநாளுக்குச் சற்று முன்னர் இறந்துபோனாள். அதைப் பற்றிப் புல்லர் பிற்காலத்தில் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. ஹாவர்டின் உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பார்க்க அவர் புறப்பட்டபோது, தனக்கு ஒரு சிறிய கைத்தடி வாங்கிவரும்படி மகள் கேட்டிருக்கிறாள். போட்டி முடிந்ததும் நண்பர்களுடன் இரவைக் கழித்தார். கைத்தடி மறந்துபோனது. அவர் திரும்பி வந்தபோது பிள்ளை நினைவிழந்து கிடந்தாள். ஒரு கணம் விழித்து, கைத்தடி எங்கே என்று கேட்டாள். பிறகு அவள் பிழைக்கவில்லை. முதல் தடவை இதை வாசித்தபோது சோகமான ஒரு சம்பவம் என்று மட்டுமே எண்ணினேன். இன்று வாசிக்கும்போது, நேரத்தை வீணாக்கக்கூடாது என்ற வெறி ஒரு மனிதனுக்குள் எங்கிருந்து புகுந்திருக்கும் என்பதற்கான தடயமாகவும் தெரிகிறது.

அதன்பின் மாமனாருடன் சேர்ந்து, இலகுவான கட்டடக் கற்களைத் தயாரிக்கும் நிறுவனமொன்றை நடத்தினார். 1927இல் அதிலிருந்து வெளியேற்றப்பட்டார். கையில் பணமில்லை. அதே ஆண்டில்தான் இரண்டாவது மகள் அலெக்ரா பிறந்தாள். சிக்காகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் நின்று உயிரை விட நினைத்ததாகவும், தன் உயிர் தனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்ற எண்ணம் அப்போது தன்னைத் தடுத்ததாகவும் பின்னாளில் மேடைகளில் சொல்லிவந்தார். அவரது ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் இந்தக் கதை அப்படியே நடந்ததா என்று ஐயப்படுகிறார்கள். ஆனால், 1927இற்குப் பிறகு அவர் தன்னையே ஒரு பரிசோதனைப் பொருளாக நடத்தத் தொடங்கினார் என்பதில் ஐயமில்லை. தன் நாட்களைக் கடிதம், பற்றுச்சீட்டு, குறிப்பு என்று ஒன்று விடாமல் சேர்த்துவைத்தார். இன்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்தத் தொகுப்பு, ஒரு தனி மனிதன் விட்டுச்சென்ற ஆவணங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

தான் செய்த எல்லாவற்றுக்கும் அவர் ‘டைமாக்ஸியன்’ என்று பெயர் வைத்தார். குறைந்த செலவில் நிறைந்த பயன் என்பதே அதன் சாரம். டைமாக்ஸியன் வீடு, 1933இல் மூன்று சக்கர டைமாக்ஸியன் கார், பின்னர் டைமாக்ஸியன் உலகப்படம். அந்த வரிசையில் வந்ததுதான் டைமாக்ஸியன் தூக்கம்.

அதன் தத்துவம் எளிமையானது. மனிதனிடம் இரண்டு சக்திக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்று புல்லர் கருதினார். முதலாவது சீக்கிரம் தீர்ந்து சீக்கிரம் நிரம்பும். இரண்டாவது சேமிப்பு. அதில் கைவைத்தால் மீள நிரப்ப நெடுநேரம் எடுக்கும். நாங்கள் களைத்த பிறகும் வேலை செய்து சேமிப்பைத் தின்றுவிடுகிறோம், அதனால்தான் எட்டு மணித்தியாலம் படுக்க வேண்டியிருக்கிறது என்பது அவரது வாதம். களைப்பின் முதல் அறிகுறியிலேயே படுத்துவிட்டால் அரை மணித்தியாலம் போதும். தன்னைக் கவனித்ததில், ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்த அறிகுறி வருவதைக் கண்டார். ஒரு நாய் படுத்தெழும்புவதைப் போல, நினைத்த இடத்தில் படுத்துத் தூங்கப் பழகினார்.

1943ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘டைம்’ சஞ்சிகை இதைச் செய்தியாக வெளியிட்டது. சுமார் இரண்டு ஆண்டுகள் இந்த முறையில் வாழ்ந்ததாகவும், ஆயுள் காப்புறுதி வைத்தியர்கள் பரிசோதித்து உடலில் குறையில்லை என்று சொன்னதாகவும் அச்செய்தி கூறியது. போர்க்காலம் அது. தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த நாட்டில் இப்படியொரு செய்திக்கு வாசகர்கள் இருந்ததில் வியப்பில்லை.

இதே 1895இல் பிறந்த இன்னொருவரையும் இங்கே சொல்லவேண்டும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் நதானியல் கிளைட்மன், தூக்க ஆராய்ச்சியின் தந்தை எனப்படுபவர். அவரும் தன்னையே பரிசோதித்தவர்தான். 1938இல் தன் மாணவர் ஒருவருடன் கென்டக்கியின் மம்மத் குகைக்குள் இறங்கி, சூரியனே தெரியாமல் 32 நாட்கள் இருந்தார். நாளொன்றுக்கு 28 மணித்தியாலம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். இளவயது மாணவரின் உடல் ஒரு வாரத்தில் இணங்கியது. 43 வயதான கிளைட்மனின் உடல் கடைசிவரை இணங்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1953இல், கிளைட்மனும் அவரது இன்னொரு மாணவரும் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருப்பதை வெளியிட்டார்கள். தூக்கம் என்பது பற்றரிக்கு மின்னேற்றும் வேலை மட்டுமல்ல, ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் பல கட்டங்களைக் கடந்து நடப்பது என்று பிறகு தெளிவானது. அரை மணித்தியாலத்தில் அந்தச் சுற்று முடிவதில்லை. புல்லர் தன் களஞ்சியக் கணக்கைப் போட்ட நாட்களில் இது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரிந்திருந்தும் நான் செய்து பார்த்தேன் என்பதுதான் வெட்கம்.

புல்லர் ஏன் நிறுத்தினார்? உடல் உடைந்துபோனதால் அல்ல. அதே செய்தியின்படி, அவரோடு தொழில் செய்தவர்கள் மற்ற மனிதர்களைப் போலவே இரவில் தூங்கினார்கள். இவர் விழித்திருந்த நேரத்தில் அவர்கள் இல்லை. அவர்கள் கூடிப் பேசும் நேரத்தில் இவருக்குப் படுக்கும் நேரம் வந்தது. ஆகவே கைவிட்டார். வீட்டையும் காரையும் உலகப்படத்தையும் புதிதாக வரைந்தவரால், பக்கத்து மேசைக்காரரின் கடிகாரத்தை மாற்ற முடியவில்லை.

பன்னிரண்டாம் நாளுக்கு வருகிறேன். அன்றிரவு என் முன்னால் இருந்தது மரண அறிவித்தல் பக்கம். ஒரு பெரியவரின் இறுதிக்கிரியை புதன்கிழமை என்று குடும்பத்தினர் எழுதித் தந்திருந்தார்கள். அச்சுக்குப் போக இருந்த பக்கத்தில் வியாழக்கிழமை என்றிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு தடவையும் என் கண்ணில் படவில்லை. வியாழக்கிழமை மாலை, மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த முதியவர் ஒருவர் பத்திரிகையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி எங்கள் அலுவலகப் படியேறினார். இறந்தவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர். தொலைபேசியில் சொல்ல ஆளில்லாததால் எங்கள் பக்கத்தை மட்டுமே நம்பி வந்தவர். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அவர் ஏசவில்லை. யார் இதைப் பார்த்தது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன்.

அன்றிரவு விடுப்பு எடுத்துப் பத்து மணித்தியாலம் தூங்கினேன். என் தூக்கம் என் சொந்த விடயம் என்று எண்ணியிருந்தேன். இரவு வைத்தியசாலையில் நிற்கும் தாதி, நீண்டதூர பஸ்ஸை ஓட்டும் சாரதி, பாதுகாப்புக் கடமையில் விழித்திருப்பவர் எல்லோருடைய தூக்கத்தின் மீதும் இன்னும் பலர் சாய்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது பரிசோதனையல்ல, கட்டாயம். இரவுப் பணிக்காரரின் ஓய்வு நேரத்தைக் குறைக்கும் எந்த அட்டவணையையும் அன்றிலிருந்து என்னால் இலேசாகப் பார்க்க முடிவதில்லை.

புல்லர் முதுமையிலும் ஓயவில்லை. 1975இல் தனக்குத் தெரிந்தவை எல்லாவற்றையும் பற்றி, பல நாட்களாக, மொத்தம் 42 மணித்தியாலம் பேசினார். உலகைச் சுற்றிய பயணங்களில் மூன்று கைக்கடிகாரங்களை அணிந்திருப்பார். இருக்கும் இடத்துக்கு ஒன்று, விட்டுவந்த இடத்துக்கு ஒன்று, போகப்போகும் இடத்துக்கு ஒன்று. மற்றவர்களின் நேரத்தை அவர் கடைசியில் கையில் கட்டிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றும்.

1983ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் வைத்தியசாலையொன்றில் நினைவிழந்து கிடந்த ஆனின் கட்டிலருகே புல்லர் இருந்தார். அவள் தன் கையை அழுத்தியதாக உணர்ந்து எழுந்தவர், மாரடைப்பில் விழுந்து இறந்தார். வயது 87. சுமார் 36 மணித்தியாலங்களின் பின் ஆனும் போய்ச் சேர்ந்தார். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு காலத்தில் தூக்கத்தையே வெட்டிப்போட்ட மனிதர், தன் கடைசி நேரத்தை ஒரு நோயாளியின் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்துதான் கழித்தார். அது வீணாய்ப் போன நேரமல்ல.