மகளுக்காகப் பேனா பிடித்த தாய்

புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பெர்ல் பக் அம்மையாரைத் தெரியும். சீனக் குடியானவர்களின் வாழ்க்கையை "நல்ல நிலம்" என்ற நாவலாக எழுதி உலகப் புகழ் அடைந்தவர் அவர். 1938-ம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கப் பெண்களில் அந்தப் பரிசை முதன் முதலில் பெற்றவர் அவரே.

அப்போது அவருக்கு 18 வயதில் ஒரு மகள் இருந்தாள். தாய் எழுதிய புத்தகங்களை உலகமே படித்தது. ஆனால், அந்த மகளால் அவற்றில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. அவள் உடல் வளர்ந்தது, அறிவு வளரவில்லை. இந்தத் துயரத்தை அம்மையார் நெடுங்காலம் வெளியுலகத்துக்குச் சொல்லவில்லை.

சீனாவில் வளர்ந்தவர்

பெர்ல் பக் 1892-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் கிறிஸ்தவ மதப் பணி செய்தவர்கள். சில மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே அவரைச் சீனாவுக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். ஆங்கிலத்தோடு சீன மொழியையும் பேசி வளர்ந்தார். அமெரிக்கா சென்று 1914-ல் கல்லூரிப் படிப்பை முடித்தார். மீண்டும் சீனாவுக்கே வந்தார். 1917-ல் ஜான் லாசிங் பக் என்ற விவசாய நிபுணரை மணந்தார்.

1920-ம் ஆண்டு மார்ச் மாதம் 4-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. கரோல் என்று பெயர் வைத்தார்கள். நீலக் கண்கள். பொம்மை போன்ற முகம். பார்த்தவர்கள் எல்லோரும் கொஞ்சினார்கள். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு தாயின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. இனிக் குழந்தை பிறக்க வழியில்லை என்று ஆயிற்று. ஒரே குழந்தை என்பதால் கரோல் மீது பாசம் இரண்டு மடங்காகியது.

பேசாத குழந்தை

மூன்று வயது ஆகியும் கரோல் பேசவில்லை. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்று அக்கம் பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். தாயின் மனம் கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தார். கடைசியில் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் உள்ள பெயர் பெற்ற மேயோ ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே பெரிய டாக்டர்கள் நயமாகப் பேசி அனுப்பினார்கள். வெளியே வரும்போது வேறொரு டாக்டர் அவரைத் தனியே அழைத்தார். இந்தக் குழந்தை ஒருநாளும் மற்றவர்களைப் போல ஆகப்போவதில்லை, வீண் நம்பிக்கையில் பணத்தையும் காலத்தையும் செலவழிக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தாயின் நெஞ்சு வெடித்தது. ஆனாலும், உண்மையைச் சொன்ன அந்த டாக்டருக்குத் தாம் கடமைப்பட்டவள் என்றே அம்மையார் பிற்காலத்தில் கருதினார்.

உண்மை தெரிந்த பிறகும் தாய் மனம் சும்மா இருக்குமா? மகளைத் தாமே படிக்க வைத்துவிடலாம் என்று தினமும் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் எழுத்தை எழுத வைப்பதற்காக மகளின் கையைப் பிடித்தார். அந்தச் சின்னக் கை வியர்வையில் நனைந்திருந்தது. கரோலுக்கு ஒன்றும் புரியவில்லை. தாயைத் திருப்திப்படுத்தவே தன்னை வருத்திக்கொள்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அம்மையார் புத்தகங்களை மூடி வைத்தார். பிறகு அவற்றைத் திறக்கவே இல்லை. இந்தப் பெண் படிக்க வேண்டாம், சந்தோஷமாக இருந்தால் போதும் என்று முடிவு செய்தார்.

எனக்குப் பிறகு யார்?

ஆனால் ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. நான் கண்ணை மூடிவிட்டால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

1927-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் நான்கிங் நகரில் கலகம் மூண்டது. வெளிநாட்டார் வீடுகள் சூறையாடப்பட்டன. சிலர் கொல்லப்பட்டனர். ஏழைச் சீனப் பெண் ஒருத்தி தன் குடிசையில் பெர்ல் பக்கின் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். உயிர் தப்பினார்கள். தாய் இல்லாவிட்டால் கரோலின் கதி என்ன என்ற பயம் மட்டும் அதிகமாகியது.

மகளுக்கு ஒரு நிரந்தர இடம் தேடி அமெரிக்காவில் பல விடுதிகளைப் போய்ப் பார்த்தார். சில இடங்களில் குழந்தைகளின் நிலையைக் கண்டு மனம் நொந்து திரும்பினார். கடைசியில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாண்ட் என்ற ஊரில் ஒரு பள்ளியைக் கண்டார். சிறு சிறு வீடுகளில் குழந்தைகள் வாழ்ந்தார்கள். முதலில் குழந்தை மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், மற்றவை பிறகு என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. தாம் தேடிய இடம் இதுதான் என்று அம்மையாருக்குப் பட்டது. 1929-ல் 9 வயது மகளை அங்கே விட்டார். பிரிவு அவர் உயிரைப் பிடுங்கியது.

கடனும் நாவலும்

பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும். கணவரின் சம்பளம் போதாது. கடன் வாங்கித்தான் கட்டினார். கடனை அடைக்க அவரிடம் இருந்த ஒரே தொழில் எழுத்து.

நான்கிங் திரும்பியதும், மகள் இல்லாத வீட்டில், மாடி அறையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் "நல்ல நிலம்" உருவாயிற்று. 1931-ல் வெளிவந்தது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அமெரிக்காவில் அதிகமாக விற்ற நாவல் அதுதான். 1932-ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. இனி மகளின் செலவுக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. பள்ளிக்கும் அம்மையார் நன்கொடை கொடுத்தார்.

அந்த நாவலில் குடியானவன் வாங் லுங்குக்கு அறிவு வளராத ஒரு மகள் உண்டு. தான் செத்த பிறகு அவளை யார் காப்பாற்றுவார்கள் என்று அந்தத் தகப்பன் கலங்குகிறான். லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்தார்கள். அது எழுதியவரின் சொந்தக் கலக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மௌனம் கலைந்தது

1949-ல் வேறொரு குழந்தை அவர் வீடு தேடி வந்தது. தந்தை இந்தியர், தாய் அமெரிக்கப் பெண். கலப்பு இனக் குழந்தை என்பதால் தத்துக் கொடுக்கும் நிலையங்கள் ஏற்க மறுத்தன. அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக அம்மையாரே 'வெல்கம் ஹவுஸ்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதன் மூலம் பெற்றோர் கிடைத்தனர்.

அடுத்த ஆண்டு, 1950-ல், தம் சொந்தத் துயரத்தையும் வெளியிட்டார். "வளராத குழந்தை" என்ற பொருள்படும் தலைப்பில், கரோலின் கதையைப் பத்திரிகையிலும் பின்னர் புத்தகமாகவும் எழுதினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளை வெளியே காட்டாமல் மறைத்தவர்கள் பலர். குடும்பப் பாவம் என்று கூசினார்கள். நோபல் பரிசு பெற்ற ஒருவரே என் மகளும் இப்படித்தான் என்று சொன்னதும், தலை குனிந்திருந்த பெற்றோருக்குத் தைரியம் வந்தது. கடிதங்கள் வந்து குவிந்தன. அதே 1950-ல் அமெரிக்காவில் இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் ஒன்று கூடித் தேசிய அளவில் சங்கமும் அமைத்தார்கள்.

நோயின் பெயர்

கரோலுக்கு வந்தது என்ன நோய்? அதற்கு விடை கண்டவர் நார்வே நாட்டு டாக்டர் ஃபோலிங். 1934-ல் ஒரு தாய், மூளை வளராத தன் இரு குழந்தைகளையும் சோதித்துப் பார்க்கும்படி அவரை வேண்டிக்கொண்டாள். அவர் சிறுநீரைச் சோதித்து நோயைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் பினைல்கீட்டோனூரியா. பால், முட்டை, மாமிசம், பருப்பு முதலியவற்றின் புரதத்தில் உள்ள ஒரு சத்தை இந்தக் குழந்தைகளின் உடலால் மாற்ற முடியாது. அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்தவுடன் கண்டுபிடித்துத் தனி உணவு கொடுத்தால் மூளையைக் காப்பாற்றலாம்.

குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நோயைக் கண்டுபிடிக்கும் முறையை வகுத்தவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவருக்கும் அறிவு வளர்ச்சி குன்றிய மகன் இருந்தான். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

கரோலுக்கு இது உதவவில்லை. நோயின் பெயர் தெரிந்தபோது அவள் வயது நாற்பதை எட்டிவிட்டது. ஆனால், அவளுக்குப் பின் பிறந்த எத்தனையோ குழந்தைகள் இந்தக் கதியிலிருந்து தப்பினார்கள்.

பெர்ல் பக் அம்மையார் 1973-ம் ஆண்டு மார்ச் மாதம் 6-ந் தேதி, 80-வது வயதில் காலமானார். கரோல் அதே வைன்லாண்ட் பள்ளியில், தன் பிரியமான சங்கீதத் தட்டுகளைக் கேட்டபடி வாழ்ந்து, 1992-ல் தன் 72-வது வயதில் கண்ணை மூடினாள். தாய்க்குப் பிறகு மகள் 19 ஆண்டுகள் இருந்தாள். யாரிடமும் கையேந்தாமல் இருந்தாள். எனக்குப் பிறகு யார் என்று கேட்டுத் தூக்கம் இழந்த தாய்க்கு, அந்த 19 ஆண்டுகளே பதில்.