அல்சைமர் என்னும் மனிதர்

அல்சைமர் என்றால் நம் நினைவுக்கு ஒரு நோய் வருகிறது. ஒரு மனிதர் வருவதில்லை. மரபணுக்களைத் திருத்தி மூளை நோய்ப் புரதங்களை ஆராயும் துறையில் பயிலும் மாணவன் நான். நாள்தோறும் நான் உச்சரிக்கும் அப்பெயருக்கு உரியவரைத் தமிழ் நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

அலாய்ஸ் அல்சைமர் 1864இல் ஜெர்மனியின் பவேரியப் பகுதியில், மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் முறை கண்ட பிரான்ஸ் நிசில் அங்கே அவருக்கு உற்ற தோழரானார்.

1901இல் மனைவி இறந்தார். மூன்று குழந்தைகளுடன் தனித்து நின்றார் அல்சைமர். அவ்வாண்டு நவம்பரில் அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மறதி, தடுமாற்றம், கணவர்மீது காரணமற்ற ஐயம்! அல்சைமர் அருகில் அமர்ந்து வினவினார். கணவர் பெயரைக் கேட்டால், அம்மையார் தம் பெயரையே சொன்னார். இறைச்சியும் காலிபிளவரும் உண்டுகொண்டே கீரை உண்பதாகச் சொன்னார். ஒவ்வொரு விடையையும் அல்சைமர் எழுதி வைத்தார்.

1903இல் கிரேப்பலினுடன் மியூனிக் சென்ற பின்னும் அவர் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அம்மையார் இறந்ததும் மூளையை வரவழைத்து, வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முடிச்சுகள்! நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில், மருத்துவர் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910இல் கிரேப்பலின்தான் தம் பாடநூலில் அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். 1912இல் பிரெஸ்லாவில் பேராசிரியரான அல்சைமர், 1915 டிசம்பரில் மறைந்தார். அவருக்கும் அப்போது வயது 51.

படிவு அமிலாய்டு என்ற புரதத்தாலும், முடிச்சு டாவ் என்ற புரதத்தாலும் ஆனவை என்பது 1980களில் தெளிவாயிற்று. டாவ் ஏன் திரள்கிறது? இதற்கு விடை தேட இன்று கிரிஸ்பர் உதவுகிறது. மனிதருக்குப் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. தட்டில் வளர்த்த நரம்பணுக்களில், அணுவுக்கு ஒரு மரபணுவாக அடக்குகிறோம். டாவ் மிகுந்த அணுக்களையும் குறைந்தவற்றையும் ஒளிரும் குறியீட்டால் பிரிக்கிறோம். எந்த மரபணுவை அடக்கியதால் மாற்றம் நேர்ந்தது என்று கணக்கிடுகிறோம்.

கிடைப்பது ஒரு பெயர்ப் பட்டியல். ஆனால், நண்பர்களே, தட்டிலுள்ள அணு தன் கணவரின் பெயரை மறப்பதில்லை; உணவை மாற்றிச் சொல்வதில்லை. பட்டியலில் உள்ள எந்தப் புரதம் மனிதருக்கு உதவும் என்பதை நோயாளியிடம் சென்றுதான் அறிய முடியும். அல்சைமர் எழுதிய அந்த நோயாளிக் குறிப்புகள் 1995இல் பிராங்பர்ட்டில் கண்டெடுக்கப்பட்டன. இருபதாயிரம் மரபணுக்களை எண்ணும் நாமும், ஒரு பெண்மணிக்குச் செவிசாய்த்த அவரது பொறுமையைக் கற்க வேண்டும்.