கழற்றிப் பார்த்த ஜி.டி.நாயுடு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழுதான பழைய இன்வெர்ட்டரைப் பிரிக்கும் தம்பிகள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய ஒருவர் ஜி.டி.நாயுடு.

1893–ம் ஆண்டு கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி ஓடுகிறது! அந்த அதிசயம் அவரை விடவில்லை.

கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்தார். காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். சவாரி செய்து மகிழவா? இல்லை. அக்கு அக்காகக் கழற்றினார். பூட்ட முடியாமல் போனால் உழைத்த காசெல்லாம் பாழ். ஆனால் மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் கற்ற கல்வி.

1920–ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937–ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் என்று அது பெயர் பெற்றது. இளைஞர்கள் தொழில் கற்கவும் வழி செய்தார். 1974–ல் காலமானார்.

தம்பிகளே! கழற்றும் வரிசையைத் தாளில் குறித்து வையுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் பாட்டரி இணைப்பு இருக்கிறது. அதையும் எடுத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து. தொழில் தெரிந்தவரிடம் கற்ற பிறகே கை வையுங்கள்.

கழற்றுவது பெரிதல்ல. திரும்ப ஓட வைப்பதே பெரிது.