பூட்டு வல்லுநர் லைனஸ் யேல்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. வீட்டைப் பூட்டித் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டவர், தம் உடைமைக்குக் குறைவில்லை என்று நம்பி வெளியூர் செல்கிறார். அத்திறவுகோல் வழியில் தவறிவிட்டால் அவர் அடையும் துன்பம் ஒன்றன்று, இரண்டாகும். தம் வீட்டிற்குள் தாமே நுழைய இயலாமை ஒரு துன்பம். அதனைக் கண்டெடுத்தவன் என்றேனும் வந்து கதவைத் திறந்துவிடுவானோ என்னும் அச்சம் மற்றொரு துன்பம். பூட்டை உடைத்து உள்ளே சென்றால் முதல் துன்பம் நீங்கும். இரண்டாம் துன்பமோ நீங்காது. இவ்விரண்டையும் எளிதில் போக்கத்தக்க பூட்டு ஒன்றை உலகிற்கு அளித்தவர் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் ஆவார்.

யேல் 1821-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 4-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சாலிஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குலம் நம் நாட்டு வரலாற்றோடும் ஒரு தொடர்பு உடையது. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிகு யேல் அக்குலத்தைச் சேர்ந்தவரே.

லைனஸ் யேலின் தந்தையார் பெயரும் லைனஸ் யேல் என்பதே. அவர் கைத்தொழிலில் தேர்ந்தவர். பூட்டுகள் செய்வதில் பெயர் பெற்றவர். மைந்தரின் உள்ளமோ இளமையில் ஓவியக் கலையை நாடிற்று. இரும்பையும் அரத்தையும் விட்டுத் தூரிகையைக் கையில் எடுத்த அவர், மக்களின் உருவப்படங்களை வரைந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார். முகத்தின் ஒரு சிறு கோட்டையும் விடாது நோக்கும் பயிற்சியை அக்கலை வளர்ப்பதாகும். நுண்ணிய வேறுபாடுகளைக் காணும் கண்ணே பூட்டுத் தொழிலுக்கும் வேண்டுவது. ஏறத்தாழ முப்பது வயதை அடைந்தபோது அவர் தந்தையாரின் தொழிலில் ஈடுபடலானார்.

அக்காலத்தில் அமெரிக்காவில் வங்கிகள் பல தோன்றிக்கொண்டிருந்தன. அவற்றில் குவிந்த செல்வத்தின்மீது கள்வர் கண் வைத்தனர். ஆகவே வல்லமை மிக்க பூட்டுகளுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. யேல் வங்கிகளுக்கென ஒரு புதிய பூட்டை ஆக்கினார். அதன் திறவுகோலில் இருந்த பற்களைக் கழற்றி வேறு வரிசையில் அமைத்துக்கொள்ளலாம். திறவுகோலை உள்ளே இட்டுத் திருப்பியதும், பற்கள் அமைந்த பகுதி தனியே பிரிந்து, துளைக்கு எட்டாத தொலைவிற்குச் சென்று பூட்டைத் திறக்கும். இவ்வரிய அமைப்பினால் யேலின் பெயர் பரவிற்று.

1851-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கு ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், எவராலும் திறக்க இயலாதவை என்று இங்கிலாந்து பெருமைப்பட்டிருந்த இருவகைப் பூட்டுகளை உரிய திறவுகோலின்றியே திறந்து காட்டினார். தாம் சார்ந்திருந்த நிறுவனத்தின் பூட்டே வெல்ல முடியாதது என்றும் அவர் கூறிவந்தார். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அப்பூட்டையும் யேல் தம் கைத்திறனால் திறந்துவிட்டார்.

இவ்வெற்றியைப் பெற்ற வேறொருவராயின், பிறர் பூட்டுகளை இகழ்ந்து தம் பூட்டைப் புகழ்ந்து பொருள் திரட்டுவதோடு அமைந்திருப்பார். யேல் அவ்வாறு செய்தாரல்லர். பூட்டுகள் எவ்வாறு கள்ளத்தனமாகத் திறக்கப்படுகின்றன என்பதை நெடிது ஆராய்ந்தார். திறவுகோல் நுழையும் துளை இருக்கும்வரை, அத்துளையின் வழியே கள்வனின் கருவியும் வெடிமருந்தும் நுழைய இடமுண்டு என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அவ்வுண்மைக்குத் தம்முடைய பூட்டும் விலக்கன்று என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே வங்கிகளுக்குத் துளையே இல்லாத பூட்டுகளைச் செய்யத் தொடங்கினார். எண்கள் பொறித்த வட்டைக் குறித்த முறையில் திருப்பினால் மட்டுமே அவை திறக்கும். 1860-களின் தொடக்கத்தில் அப்பூட்டுகள் வெளிவந்தன. தமக்குப் புகழ் தந்த பொருளின் குறையைத் தாமே கண்டு, அதனைக் கைவிடத் துணிவது எளிய செயலன்று.

வங்கிக்கு ஏற்ற எண்வட்டுப் பூட்டு வீட்டுக் கதவிற்கு ஏற்றதன்று. நாள்தோறும் பலமுறை திறந்து மூடும் கதவிற்குத் திறவுகோலே வசதியானது. ஆதலின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் எளியதாயும் உறுதியுள்ளதாயும் ஒரு பூட்டைப் படைக்க யேல் முயன்றார். அதற்குரிய கருத்து மிகப் பழையது. பண்டைய எகிப்து நாட்டு மக்கள் மரத்தாலான பூட்டைப் பயன்படுத்தினர். மேலிருந்து விழும் சிறு முளைகள் தாழின் துளைகளில் இறங்கி அதனை அசையாமல் தடுக்கும். மரத் திறவுகோல் அம்முளைகளை உயர்த்தினால் தாழ் நகரும். 1840-களில் யேலின் தந்தையார் முளைகளைக் கொண்டு ஒரு பூட்டை அமைத்திருந்தார். 1858-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கருத்தை மைந்தர் செம்மை செய்து, 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார்.

அப்பூட்டின் அமைப்பை இங்கு அறிந்துகொள்வோம். அசையாத கூடு ஒன்றினுள் சுழலும் உருளை ஒன்று உள்ளது. கூட்டிலிருந்து உருளைக்குள் இறங்குமாறு ஐந்து துளைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முளைகளும், அவற்றின்மேல் ஒரு சுருள்வில்லும் இருக்கும். திறவுகோல் இல்லாதபோது சுருள்வில் முளைகளைக் கீழே தள்ளும். அப்போது மேல்முளை பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று, உருளையைச் சுழலவொட்டாமல் தடுக்கும். கீழ்முளைகள் நீளத்தில் வேறுபட்டவை. உரிய திறவுகோலின் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு கீழ்முளையையும் வேண்டிய அளவே உயர்த்தும். ஐந்து துளைகளிலும் இரு முளைகள் கூடும் இடம் உருளையின் விளிம்போடு ஒத்து நின்றால் உருளை சுழலும். ஒரு முளை சிறிதே உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அது சுழலாது. ஒவ்வொரு முளைக்கும் பத்து நிலைகள் உண்டு எனக் கொண்டால், ஐந்து முளைகளுக்கு 1,00,000 வேறு வேறு அமைப்புகள் உண்டாகும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம்.

முன்பெல்லாம் கதவு தடித்தால் திறவுகோலும் நீளவேண்டும். யேலின் உருளை கதவின் வெளிப்புறத்தை ஒட்டி அமைவதால், கதவு எவ்வளவு தடித்ததாயினும் சட்டைப் பையில் அடங்கும் சிறிய தட்டையான திறவுகோலே போதுமானதாயிற்று.

இவற்றினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. யேலின் பூட்டில் காவலாக நிற்பது இரும்பின் கனமன்று, முளைகளின் வரிசையே. திறவுகோல் தொலைந்துவிட்டால் கதவைப் பிளக்கவும் வேண்டா. பூட்டை எறிந்துவிடவும் வேண்டா. தொழில் அறிந்தவர் உருளையை வெளியே எடுத்து, பழைய கீழ்முளைகளை நீக்கிப் புதிய திறவுகோலுக்கு ஏற்ற நீளமுள்ள முளைகளை இடுவார். பூட்டு அதுவே, ஆயினும் தொலைந்த திறவுகோல் அதற்கு அயலாகிவிடும். அதனைக் கண்டெடுத்தவன் கையில் இருப்பது வெறும் உலோகத் துண்டே.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷெல்பர்ன் பால்ஸ் என்னும் ஊரில் யேல் சிறிய அளவில் தொழில் நடத்திவந்தார். புதுமை காண்பதில் வல்லவராகிய அவருக்குப் பெருந்தொழில் நடத்தும் துணைவர் ஒருவர் தேவைப்பட்டார். 1868-ஆம் ஆண்டில், 24 வயதே நிரம்பிய ஹென்றி டவுன் என்னும் பொறியியலாளர் அவரோடு சேர்ந்தார். கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்போர்டு நகரில் தொழிற்சாலை எழுப்பத் திட்டமிட்டனர். அந்தோ! அதன் வளர்ச்சியைக் காணும் பேறு யேலுக்கு வாய்க்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், நியூயார்க் நகரில் இருந்தபோது மாரடைப்பால் திடீரென உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 47. இளைஞராகிய டவுன் மனந்தளராது அத்தொழிலை வளர்த்தார். யேலின் பெயர் பொறித்த பூட்டுகள் உலகின் பல நாடுகளுக்கும் சென்றன.

யேல் மோட்டார் வண்டியைக் கண்டவரல்லர். எனினும் அவருடைய பூட்டில் அமைந்த உண்மை இன்றைய வண்டிகளிலும் விளங்குகிறது. 1990-களிலிருந்து பெரும்பாலான கார்களின் திறவுகோலுக்குள் சிறு மின்னணுச் சில்லு ஒன்று வைக்கப்படுகிறது. அது தன் அடையாள எண்ணை வானொலி அலை வழியே தெரிவிக்கும். வண்டியில் உள்ள கணிப்பொறி தன் நினைவில் உள்ள எண்ணோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும்; பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. அத்திறவுகோல் தொலைந்தால், உரிமையாளரிடம் உரிய சான்றுகளைப் பெற்ற வல்லுநர் புதிய திறவுகோலை வெட்டி, அதன் சில்லை வண்டியின் நினைவில் பதிக்கிறார். தொலைந்ததன் எண்ணை நினைவிலிருந்து நீக்குகிறார். பழைய திறவுகோல் ஒருகால் கதவைத் திறக்கக்கூடும். வண்டியை இயக்க அதனால் இயலாது. முளைகள் நின்ற இடத்தில் இன்று எண்கள் நிற்கின்றன. முறையோ ஒன்றே.

மாணவர்களே! யேல் பழமையை இகழவில்லை. எகிப்தியரின் மரப்பூட்டில் இருந்த அறிவைத் தந்தையார் வழியே பெற்றுப் போற்றினார். புதுமையில் மயங்கவுமில்லை, தம் படைப்பின் குறையையும் நடுநிலையோடு ஆராய்ந்தார். குறையை மறைப்பவரின் கைவினை அவரோடு மறையும்; குறையைக் கண்டு திருத்துபவரின் கைவினை அவருக்குப் பின்னும் வாழும். நாம் நாள்தோறும் கையாளும் சிறு திறவுகோல் இதற்குச் சான்றாக விளங்குகிறது.