திறந்தவெளிக்காகப் போராடிய ஆக்டேவியா ஹில்

எங்கள் புளோக்கின் எதிரே ஒரு புல்திடல் இருந்தது. தொடக்கப்பள்ளி நாள்களில் நான் பட்டம் விட்டதும் காற்பந்து விளையாடியதும் அங்கேதான். சென்ற ஆண்டு அதைச் சுற்றிப் பலகை அடைத்துவிட்டார்கள். அங்கே புதிய வீடுகள் எழுகின்றன. மக்களுக்கு வீடு வேண்டுமே என்றார் அப்பா. எனக்கும் அது புரிந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளித் திட்டப்பணிக்காக ஆக்டேவியா ஹில்லின் வாழ்க்கையைப் படித்தேன்.

ஆக்டேவியா 1838ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தின் விஸ்பெச் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். ஆக்டேவியா சின்னஞ்சிறு குழந்தையாக இருந்தபோதே வணிகம் நொடித்துப்போனது. தந்தையின் மனநலமும் குன்றியது. தாயார் கரோலின் பிள்ளைகளுடன் ஃபின்ச்லியில் குடியேறினார். அப்போது அது லண்டனுக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். தாய்வழித் தாத்தா சவுத்வுட் ஸ்மித், ஏழைகள் வாழும் இடங்களின் சுகாதாரத்துக்காகப் பாடுபட்ட மருத்துவர். குடும்பத்தைத் தாங்கியவரும் அவரே.

வயல்வெளியில் ஓடி விளையாடிய அந்தச் சிறுமி, 1852ல் குடும்பத்தோடு லண்டன் நகருக்குள் வந்தார். சிறிது காலத்தில், ஏழைப் பிள்ளைகள் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ 14 வயது. என் வயதைவிடக் குறைவு! அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனபோதுதான் அவர் உண்மை நிலையைக் கண்டார். ஈரம் கசியும் சுவர்கள், காற்று நுழையாத அறைகள், குப்பை தேங்கிய முற்றங்கள். புல்லில் கால் பதித்து அறியாத பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள்.

கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு ஆக்டேவியா ஓவியங்களைப் படியெடுத்துக் கொடுத்துவந்தார். 1865ல் ரஸ்கின், மேரிலிபோன் வட்டாரத்தில் பாழடைந்த மூன்று வீடுகளை வாங்கி அவரிடம் ஒப்படைத்தார். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. அப்போது ஆக்டேவியாவுக்கு 26 வயது.

அவர் வாரந்தோறும் நேரில் சென்று வாடகை வாங்கினார். உடைந்ததைப் பழுதுபார்த்தார், அடைபட்ட சாக்கடையைத் திறந்தார். மிஞ்சிய பணத்தைக் குடியிருப்போர் விரும்பிய மேம்பாடுகளுக்கே செலவிட்டார். அடுத்து ரஸ்கின் வாங்கிய வீடுகளை ஒட்டிய நிலத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைத்து மரங்கள் நட்டார். 1874ஆம் ஆண்டுவாக்கில் சுமார் 3,000 பேர் அவர் நிர்வகித்த வீடுகளில் வாழ்ந்தார்கள்.

நல்ல வீடு மட்டும் போதாது, நடந்து போகும் தூரத்தில் பசுமையும் வேண்டும் என்பது அவர் முடிவு. பணக்காரர்கள் வண்டி ஏறிக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். ஏழைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்? 1875ல், மேரிலிபோன் மக்கள் நடந்தே போகக்கூடிய ஸ்விஸ் காட்டேஜ் வயல்கள் கட்டுமானத்துக்கு விற்கப்படவிருந்தன. அவற்றை வாங்கிக் காப்பாற்ற ஆக்டேவியா நிதி திரட்டினார். தேவைப்பட்ட 10,000 பவுண்டில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் நில உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். வயல்கள் மறைந்து, வீடுகள் எழுந்தன.

இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் திடல்தான் என் கண்முன் வந்தது. நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். 1877ல் அவர் உடல்நலமும் குலைந்தது. ரஸ்கினோடும் மனக்கசப்பு ஏற்பட்டது. ஓய்வுக்காக வெளிநாடு சென்று திரும்பியவர், விட்ட வேலையை மீண்டும் கையில் எடுத்தார்.

சகோதரி மிராண்டா தொடங்கிய கைர்ல் சங்கத்தின் வழியாக, பழைய தேவாலய மயானங்களைப் பூங்காக்களாக்க உழைத்தார். 1887ல் சதர்க் வட்டாரத்தில், எரிந்துபோன காகிதத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் ரெட் கிராஸ் தோட்டத்தை உருவாக்கினார். குளம், வளைந்த நடைபாதை, இசை மேடை, பக்கத்திலேயே தொழிலாளர் குடில்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அவரும் மற்றவர்களும் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 1889ல் பார்லிமென்ட் ஹில் வயல்கள் பொதுமக்களுக்குக் கிடைத்தன.

ஒவ்வோர் இடத்துக்காகவும் புதிதாகப் போராடுவதைவிட, நிலத்தை நிரந்தரமாகக் காக்க ஓர் அமைப்பே தேவை என்று அவர் உணர்ந்தார். 1895ல் வழக்கறிஞர் ராபர்ட் ஹன்டர், பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் அமைப்பை நிறுவினார். இன்று அதில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர்.

அவருடைய எல்லாக் கருத்துகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. வாடகை விஷயத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர். தொடர்ந்து கட்டாதவர்களை வெளியேற்றினார். அரசாங்கமோ நகராட்சியோ வீடு கட்டிக் கொடுப்பதையும் எதிர்த்தார். வீவக வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உடன்பாடில்லை. ஆனால் சுத்தமான காற்றும் மரநிழலும் ஏழைக்கும் உரியவை என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி ஆக்டேவியா காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யும் பெருமை தேடி வந்தும், அவர் விருப்பப்படி கென்ட் வட்டாரத்தின் கிராக்கம் ஹில் என்ற சிற்றூரில் அடக்கம் செய்தார்கள்.

எங்கள் திடல் திரும்ப வராது. ஆனால் புளோக்கின் கீழே சிறிய சமூகத் தோட்டம் ஒன்று இருக்கிறது. இத்தனை நாளும் அதைப் பார்க்காமலே கடந்து போயிருக்கிறேன். இப்போது சனிக்கிழமை காலையில் அங்கே போகிறேன். காய்கறித் தோலை மட்கவைத்து உரமாக்கப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கற்றுக்கொடுத்தார். நான் நட்ட கருவேப்பிலைக் கன்றில் நான்கு புதிய இலைகள் விட்டிருக்கின்றன. உங்கள் புளோக்கின் கீழேயும் ஒரு தோட்டம் இருக்கலாம். இந்த வாரம் ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்களேன்.