வேதாளத்திற்குச் சொல் கொடுத்தவர்

நம் ஊரில் ஐம்பது வயதைக் கடந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உருவிய வாளோடு மயானத்தில் நடக்கும் மன்னன், அவன் தோளில் துவண்டு கிடக்கும் பிணம், சுற்றிலும் மண்டையோடுகள், இருட்டு. அந்தப் படத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது அம்புலிமாமாவில் வந்தது என்பார்கள். வரைந்தவர் சங்கர் என்று சிலர் சொல்லவும் கூடும். அந்தக் கதைகளை எழுதியவர் யார் என்று கேட்டால் மட்டும் விடை வராது. இதழிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

அவர் பெயர் கொடவட்டிகண்டி குடும்பராவ். தெலுங்கு நாட்டில் நாவலாசிரியராகவும் சிறுகதை ஆசிரியராகவும் பெரும்புகழ் பெற்றவர். தமிழ்க் குழந்தைகளோ அவர் பெயரை அறியாமலேயே அவர் கதைகளைப் படித்து வளர்ந்தார்கள். வகுப்பில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு இந்த வேலை எதற்கு என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கலாம். குடும்பராவும் இயற்பியல் படித்தவர்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

திருத்தணிக்கு இன்னோர் உரிமையும் உண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் நம் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ம.பொ.சி. முதலானோர் நடத்திய போராட்டம் நாடறிந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுக்குள் மொழி மாறிவிடவில்லை. என் தமக்கையார் தெலுங்கில் எழுத்துக் கற்றவர். நான் தமிழில் கற்றவன். ஆகவே எங்கள் வீட்டுக்கு ஒரே மாதத்தில் தெலுங்கு சந்தமாமாவும் தமிழ் அம்புலிமாமாவும் வரும். இரண்டிலும் படங்கள் ஒன்றே. இருவரும் திண்ணையில் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்து, ஒரே வேதாளத்தை இரு மொழியில் கேட்போம். தெலுங்கே மூலம், தமிழ் அதன் வழி வந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அந்தத் தெலுங்கு மூலத்துக்கு அடியில் இருந்த கை குடும்பராவுடையது.

குண்டூர் மாவட்டம் தெனாலியில் 1909 அக்டோபர் 28ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். விஜயநகரத்து மகாராஜா கல்லூரியில் இயற்பியலில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்குக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அப்போது உலகையே வாட்டிய பொருளாதார மந்தம் அவரையும் விடவில்லை. எம்.எஸ்ஸி. படிப்பு முடியாமலே நின்றது. அதன்பின் குமாஸ்தா, ஆசிரியர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், சினிமாத்துறை ஊழியர், பத்திரிகைக்காரர் என்று பல வேலைகள் பார்த்தார். நடுத்தர வர்க்கத்து வீடுகளின் உள்ளறைகளை, அங்கே பணமும் பயமும் சேர்ந்து மனிதரை ஆட்டிவைப்பதை, அவரைப்போல ஈவிரக்கமின்றி எழுதியவர் தெலுங்கில் குறைவு. கல்வி என்று பொருள்படும் ‘சதுவு’ என்ற அவர் நாவல் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டியது. கடவுள், சாதகம், பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை இல்லாதவர். மார்க்சியச் சார்புடையவர். 1970இல் தோன்றிய ஆந்திரப் புரட்சி எழுத்தாளர் சங்கத்தில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர்.

இத்தகையவர்தான் 1952 முதல் 1980இல் கண்மூடும் வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், அந்த இதழில் இருந்துகொண்டு பேய்க்கு வசனம் எழுதினார்!

அவரை அங்கே கொண்டுவந்தவர் சக்கரபாணி. ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்பது அன்னாரின் இயற்பெயர், அவரும் தெனாலிக்காரர். 1932இல் காசநோய் கண்டு மதனப்பள்ளி ஆரோக்கியவரம் மருத்துவமனையில் கிடந்தபோது, உடனிருந்த நோயாளி ஒருவரிடம் வங்காளம் கற்று, சரத்சந்திரரைத் தெலுங்குக்குக் கொணர்ந்தவர். (அந்நாளில் மதனப்பள்ளியும் திருத்தணியும் ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) சக்கரபாணியும் பி. நாகிரெட்டியும் சேர்ந்து 1947 ஜூலையில் சந்தமாமாவையும் அம்புலிமாமாவையும் சென்னையில் தொடங்கினார்கள். இதே இருவர்தான் ‘பாதாள பைரவி’யும் ‘மாயா பஜா’ரும் எடுத்தவர்கள். மாயமும் மந்திரமும் வடபழனியில் ஒரே சாலையில் படமாகவும் அச்சாகவும் தயாராயின எனலாம். இதழின் ஆசிரியராக அச்சிடப்பட்ட பெயர் சக்கரபாணியினுடையது. மேசையில் உட்கார்ந்து கதைகளைத் தேர்ந்து, திருத்தி, பலவற்றை முழுக்கவே தாமே மாற்றி எழுதியவர் குடும்பராவ். கிரேக்கத்து ஒடிசியைக்கூட அவர் விடவில்லை. அதன் தலைவனுக்கு ரூபதரன் என்று பெயரிட்டு நம் பக்கத்துத் தேசத்து அரசனைப் போல் ஆக்கிவிட்டார்.

வேதாளக் கதையின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம். பதினொன்றாம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித் சாகரத்தில் இருபத்தைந்து வேதாளக் கதைகள் உள்ளன. மரத்தில் தொங்கும் பிணத்தை அரசன் தோளில் சுமந்து வருவான். பிணத்துள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். வடமொழியில் அம்மரம் சிம்சபா. அதைத் தமிழ்நாட்டுப் பழமொழி முருங்கையாக்கிவிட்டது. முருங்கைக் கிளை ஒரு சிறுவனையே தாங்காதே, பிணத்தை எப்படித் தாங்கும் என்று எங்கள் பாட்டி கேட்டதுண்டு. அதற்கு விக்கிரமனாலும் விடை சொல்ல முடியாது.

இருபத்தைந்து கதைகள் மாத இதழுக்கு எத்தனை நாள் வரும்? இரண்டே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆனால் அம்புலிமாமாவின் வேதாளம் பல பத்தாண்டுகள் ஓயாமல் பேசியது. எங்கெங்கிருந்தோ வந்த நாட்டுப்புறக் கதைகளும் புதுக் கற்பனைகளும் அந்தப் பழைய சட்டத்துக்குள் வைத்து இழைக்கப்பட்டன. இங்கேதான் குடும்பராவின் கைத்திறம் தெரிகிறது. பழைய கதையில் வேதாளம் கேட்பது பெரும்பாலும் வழக்குமன்றக் கேள்வி. கணவன் தலையும் உறவினன் தலையும் உடல் மாறி ஒட்டப்பட்டுவிட்டன. இனி அப்பெண்ணுக்குக் கணவன் யார்? தலை எவனுடையதோ அவனே என்று அரசன் தீர்ப்பளிப்பான். (இக்கதையைத்தான் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் குறுநாவலாக்கினார், கிரீஷ் கர்னாட் ‘ஹயவதன’ நாடகமாக்கினார்.) அம்புலிமாமா வேதாளமோ வேறு மாதிரி. இத்தனை நாள் பொன்னுக்கு ஏங்கியவன் கைக்கு வந்த பொன்னை ஏன் விட்டெறிந்தான்? காதலித்தவனை மணக்க வாய்ப்பு வந்தபோது அவள் ஏன் மறுத்தாள்? இப்படி ஒரு மனிதன் தன் இயல்புக்கு மாறாக நடந்துகொண்டதுபோல் தோன்றும் இடத்தில் கதை நிற்கும். அரசன் சாத்திரம் எதையும் மேற்கோள் காட்ட மாட்டான். நடந்தவற்றை வரிசைப்படுத்தி, அம்மனிதன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வான். கதைக்குள் சொல்லப்படாத எதையும் துணைக்கு அழைக்க மாட்டான். ஆய்வுக்கூடத்தில் மாணவரிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தானே? கேட்பது பேய், விடை சொல்வது பகுத்தறிவு. நானும் தமக்கையாரும் அரசன் வாய் திறக்கும் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, விடையை நாங்களே தேடுவோம். பெரும்பாலும் அவரே வெல்வார்.

ஆயினும் ஒரு கேள்வி இருக்கத்தான் செய்கிறது. பேயில் நம்பிக்கையில்லாதவர் குழந்தைகளுக்குப் பேய்க்கதை எழுதலாமா? சம்பளத்துக்காகக் கொள்கையை வாசலில் கழற்றி வைத்தார் என்று சொல்லிவிடலாமா?

அக்காலத்தில் உலகெங்கும் எழுந்த கேள்வி இது. 1950இல் அமெரிக்காவில் வில்லியம் கெய்ன்ஸ் என்பவரின் நிறுவனம் கல்லறைப் பேய்க் கதைகளைப் பட இதழ்களாக வெளியிடத் தொடங்கியது. பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஆல் பெல்ட்ஸ்டீன். அங்கும் கல்லறைக் காவலன் போன்ற ஒரு விகார உருவமே கதை சொல்லும். நம் வேதாளத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரகாம் இங்கெல்ஸ் என்ற ஓவியர், கோரம் என்று பொருள்படும் சொல்லையே கையொப்பமாக இட்டு வரைந்தார். பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் 1954இல் நூல் எழுதினார். செனட் குழு விசாரணை நடத்தியது. அவ்வாண்டே வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்துக்கொள்ள, அந்த இதழ்கள் மாண்டன. இங்கிலாந்து 1955இல் சட்டம் இயற்றியது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 20 வயதுக்குட்பட்டோரைக் கெடுக்கும் கோரப் படக்கதைகளைத் தடுக்க 1956இல் நம் பாராளுமன்றம் தனிச் சட்டமே செய்தது.

அந்த ஆண்டுகளிலேதான் அம்புலிமாமா நாடெங்கும் பரவி, மேலும் மேலும் பல மொழிகளில் வெளிவந்தது. மண்டையோடும் பிணமும் இருந்தும் அதை யாரும் வீட்டுக்குள் நுழைய விடாமல் தடுக்கவில்லை. எங்கள் பாட்டிகூட, இரவில் அந்தப் பக்கத்தைத் திறக்காதே என்றதோடு சரி. பழைய கதை என்ற மதிப்பு ஒரு காரணமாகலாம். அதைவிட முக்கியமான காரணம் குடும்பராவின் கொள்கை என்பது என் கருத்து. கதை எத்தனை நடக்க முடியாததாக இருந்தாலும், அதில் துணிவும் நேர்மையும் நட்பும் நீதியும் வெற்றி பெறுமானால் அது குழந்தை மனத்துக்கு நன்மையே செய்யும் என்பது அவர் எண்ணம். மதப் பிரசாரக் கதைகளைவிட மாயக் கதையே மேல் என்ற பக்கம் நின்றவர் அவர். கற்பனைக்குப் பழகாத மூளை அறிவியலுக்கும் உதவாது என்று நானும் நம்புகிறேன். விக்கிரமன் வேதாளத்துக்கு அஞ்சியதே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் அது பறந்துபோகும். ஒவ்வொரு மாதமும் திரும்பிப் போய் மறுபடி தோளில் போட்டுக்கொள்வான். பூசை செய்தானா, தாயத்து கட்டினானா? இல்லை. பேயைச் சுமையாக மட்டுமே பார்த்த ஒருவனைத்தான் குடும்பராவ் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஆகவே கொள்கையைக் கழற்றி வைத்தார் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. மாறுபடும் நண்பர்கள் அடுத்த மலரில் எழுதட்டும்.

அவர் தனியாகவும் இல்லை. இதழில் வந்த மந்திரவாதிகளும் இராட்சதர்களும் நிறைந்த தொடர்கதைகளை எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். 1952இல் சேர்ந்து 2006 வரை அங்கேயே பணிபுரிந்து, 2010இல் மறைந்தார். இவர் பெயரும் அந்நாளில் வாசகருக்குத் தெரியாது. ஓவியர்களுக்கு அந்தக் குறை இல்லை, படத்தின் மூலையில் கையொப்பம் இருந்தது. சித்ரா என்று ஒப்பமிட்டவர் டி.வி. ராகவன். மேலட்டையில் வண்ணங்களைக் குழைத்தவர் வட்டாதி பாப்பய்யா, வ.பா. என்று அவர் எழுத்துக்களைக் கோத்துப் போடுவார். சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் 1924இல் பிறந்த நம் கொங்குநாட்டுக்காரர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, கலைமகளில் வரைந்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தவர். 2020இல் அவர் மறைந்தபின் 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரே படத்தைச் சுற்றிப் பல மொழி எழுத்துகள் மாறி மாறி அச்சாகும் ஏற்பாட்டில், எல்லைகளைத் தாண்டிப் போனது ஓவியரின் பெயரே. எழுதியவர் மொழிபெயர்ப்புக்குப் பின்னால் மறைந்துபோனார்.

குடும்பராவ் இதைக் குறையாக எண்ணியிருக்க வேண்டியதில்லை. அலுவலக நேரத்தில் வேதாளம், மற்ற நேரத்தில் நாவல், சிறுகதை, சினிமா, மனவியல், அறிவியல், அரசியல் கட்டுரை என்று எழுதிக் குவித்தார். துணைவியார் வரூதினியின் சகோதரர் கொம்மூரி சாம்பசிவராவ் தெலுங்கில் துப்பறியும் நாவல்களால் புகழ் பெற்றவர். ஆகவே மர்மத்துக்கு அக்குடும்பத்தில் பஞ்சமில்லை. 1975இல் சக்கரபாணி காலமானார். 1980 ஆகஸ்டு 17ஆம் நாள் சென்னையில் குடும்பராவ் மறைந்தார். அடுத்த மாதமும் வேதாளம் வழக்கம்போல் கதை சொல்லிக் கேள்வி கேட்டது. தமிழ் வாசகர் எவருக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை. இதழ் 2007இல் கைமாறி, சில ஆண்டுகள் தள்ளாடி, 2013 வாக்கில் நின்றது.

அவர் மகள் ஆர். சாந்தசுந்தரி சிறந்த மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். மகன் ரோகிணிபிரசாத் பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானியாகப் பணிபுரிந்தார். தெலுங்கில் எளிய அறிவியல் கட்டுரைகள் நிறைய எழுதி, 2012இல் மறைந்தார்.